சிக்கிய குழாயை மீட்ட கதைகள்: ரிக்கில் வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

டெல்டா டிரில்லர்:
எண்ணெய், எரிவாயுக் கிணற்றில் குழாய் சிக்கி, அதை மீட்கப் போராடிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நரிமணம் பக்கம் ஒரு ரிக், 8½ அங்குலக் குழி. பம்ப் ஓடுகிறது, மட் (குழியில் சுழலவிடும் சேற்றுத் திரவம்) ஒழுங்காகத் திரும்பி வருகிறது, ஆனால் குழாய் மேலேயும் வரவில்லை, சுற்றவும் இல்லை. கனெக்‌ஷன் போடுவதற்காக, அதாவது அடுத்த குழாயை மாட்டுவதற்காக, அசைக்காமல் நிறுத்திய நேரத்தில், மட்டின் அழுத்தம் டிரில் காலரை (அடியில் இருக்கும் கனமான குழாயை) மணற்பாறைச் சுவரோடு அப்பிவிட்டது. பாறை சரிந்து சிக்கியிருந்தால் பம்ப் அழுத்தம் எகிறியிருக்கும். அது இல்லாததால் டிஃபரென்ஷியல் ஸ்டிக்கிங் என்று தெரிந்துவிட்டது. ஜாரால் (குழாய்த் தொடரில் இருக்கும் சம்மட்டி மாதிரிக் கருவியால்) அடித்தோம், டீசலில் கலந்த மருந்தை அந்த ஆழத்தில் நிறுத்தி ஊறவிட்டோம். ம்ஹூம்.

அப்புறம் இழுவைக் கணக்கு. 5 அங்குல டிரில் பைப்பை 50,000 பவுண்டு கூடுதலாக இழுத்து அது 30 அங்குலம் நீண்டால், ஏறக்குறைய 7,900 அடி வரை குழாய் சிக்காமல் இருக்கிறது என்று அர்த்தம். வயர்லைனில் (கம்பி வடத்தில்) ஃப்ரீ பாயின்ட் கருவியை இறக்கி இடத்தை உறுதி செய்தோம். இடப்பக்கம் முறுக்கேற்றி, சிக்கிய இடத்துக்கு மேலே உள்ள ஜாயின்ட்டுக்கு (குழாய் இணைப்புக்கு) நேராக வெடித்திரியை வெடித்ததும் மரை கழன்றது. மேல்பகுதியை எடுத்துவிட்டு, புது ஜாரும், அதன் அடியை வலுப்படுத்தும் ஆக்சிலரேட்டரும் சேர்த்து மறுபடி இறங்கி அதே மரையில் பூட்டி அடித்தோம். கிளம்பிவிட்டது.

மஸ்கட் மச்சான்:
சார், உங்களுக்கு மரை சுத்தமாகக் கிடைத்தது, கொடுத்து வைத்தவர். ஓமானில் எங்களுக்குக் குழாய் நடுவிலேயே முறிந்து போனது. ஓட்டும்போது எடைமுள் சட்டென்று இறங்கியது, பம்ப் அழுத்தமும் விழுந்தது. மேலே வந்த முனை கிழிந்த தகரம் மாதிரி இருந்தது. கீழே இருக்கும் முனையும் அப்படித்தானே இருக்கும்?

முதலில் இம்ப்ரெஷன் பிளாக் இறக்கினோம். அடியில் ஈயம் வார்த்த கட்டை அது. ஃபிஷ்ஷின் (குழிக்குள் தங்கிவிட்ட துண்டின்) தலையில் ஒரே ஒரு முறைதான் உட்கார வைக்க வேண்டும். இன்னொரு முறை குத்தினால் தடத்தின் மேல் தடம் விழுந்து ஒன்றும் புரியாது. வெளியே எடுத்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் ஈயத்தின் ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். நடுவில் கீறல்கூட இல்லை. அதாவது, ஃபிஷ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெறும் ஓவர்ஷாட்டை (ஃபிஷ்ஷை வெளிப்பக்கமாகக் கவ்வும் கருவியை) இறக்கினால் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொக்கி போன்ற வால்ஹுக் கைடு மாட்டி, மெதுவாகச் சுற்றி, தலையை உள்ளே வாங்கினோம். பம்ப் அழுத்தம் ஏறியது, இழுத்தால் எடையும் ஏறியது. பிடித்துவிட்டது!

புது ரஃப்நெக்:
அண்ணே, ஓவர்ஷாட் பிடித்த பிறகும் ஃபிஷ் அசையவே இல்லை என்றால்? நம்ம ஸ்ட்ரிங்கும் (இறக்கிய குழாய்த் தொடரும்) சேர்ந்து மாட்டிக்கொள்ளாதா?

மஸ்கட் மச்சான்:
மாட்டாது தம்பி. கீழ்நோக்கி ஒரு தட்டு தட்டி கிராப்பிளை (ஓவர்ஷாட்டுக்குள் கவ்வும் பகுதியை) தளர்த்திவிட்டு, வலப்பக்கம் சுற்றிக்கொண்டே மெல்லத் தூக்கினால் விட்டுவிடும். இதனால்தான் டேப்பர் டேப், டை காலர் மாதிரி மீட்புக் கருவிகள் எல்லாம் எனக்குப் பிடிக்காது. மரை வெட்டிக் கடித்துக்கொள்ளும், விடச் சொன்னால் விடாது. மேலே ஒரு சேஃப்டி ஜாயின்ட் (தேவைப்பட்டால் கழற்றிவிடும் இணைப்பு) இல்லாமல் அவற்றை இறக்கவே கூடாது.

லாகிங் வண்டி:
எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. லாகிங் கருவிக்குள் (கேபிளில் இறக்கிப் பாறையை அளக்கும் கருவி) சீசியம்-137, அமெரிசியம்-பெரிலியம் மாதிரி கதிரியக்க மூலம் இருக்கும். அது சிக்கினால் கேபிளைப் பிய்த்து இழுத்துவிட மனசு வராது. கேபிளை மேலே பிடித்து நிறுத்தி வெட்டுவோம், இரண்டு முனையிலும் இணைப்பு போடுவோம், டிரில் பைப்பின் ஒவ்வொரு ஸ்டாண்டுக்குள்ளும் (சேர்த்து மாட்டிய சில குழாய்கள்) கேபிளைக் கோத்து, கழற்றி, மாட்டி இறக்குவோம். நாள் முழுக்க இதே வேலைதான், ரிக்கின் மேலே நின்று குழாயைக் கையாளும் டெரிக்மேன் கை ஓய்ந்துவிடும். ஆனால் கேபிளே வழிகாட்டுவதால் ஓவர்ஷாட் நேராகக் கருவியின் தலைக்குப் போய்விடும். மீட்கவே முடியாவிட்டால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொல்லி, சிமென்ட் போட்டு மூடுவது வரை பெரிய படலம்.

டெல்டா டிரில்லர்:
ரஷ்யாவின் கோலா அதிஆழத் துளையிலும் இதே கதைதான். 1984இல் 12,000 மீட்டரைத் தாண்டிய நிலையில் முறிந்து, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் குழாய் உள்ளேயே தங்கிவிட்டது. ரஷ்யர்கள் 7,000 மீட்டரிலிருந்து விலகி வேறு குழி தோண்டினார்கள். ரிக் வாடகை ஏறிக்கொண்டே போகும்போது வீம்பு பிடிக்காமல் சைடுட்ராக் போவதும் ஒரு முடிவுதான்.

தம்பி, உனக்கு ஒன்று. குழிக்குள் போகிற எல்லாவற்றையும் இறங்கும் முன்பே காலிப்பர் வைத்து அளந்து, படம் போட்டு, வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் குறித்து வை. 6⅝ அங்குல டூல் ஜாயின்ட் (குழாயின் தடித்த இணைப்பு முனை) தேய்ந்து 6¼ ஆகியிருக்கும். புத்தக அளவுக்கு கிராப்பிள் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும், ஒரு ட்ரிப் (குழாயை இறக்கி ஏற்றும் வேலை) வீண். இன்றைய ஷிஃப்ட்டிலேயே ஆரம்பி.