நான்கு யூனிட் கொடுத்து மூன்று யூனிட் வாங்குவதா மின்சேமிப்பு?

கடம்பாறைக்காரன்:
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப்பட்டறை நண்பர் நேற்று இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. "நீரேற்று மின்நிலையம் என்பது நான்கு யூனிட்டைக் குடித்துவிட்டு மூன்று யூனிட்டைத் துப்பும் இயந்திரம், அதைச் சேமிப்பு என்பவர்களுக்குக் கணக்குத் தெரியாது" என்பது அவருடைய தீர்ப்பு. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில் 1987 தொடங்கி ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்த நான்கு 100 மெகாவாட் இயந்திரங்களின் அருகே, மலையின் வயிற்றுக்குள் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றுவோம். ஊர் விளக்குப் போடும் நேரத்தில் அதே நீரை அதே இயந்திரத்தின் வழியே இறக்கி மின்சாரம் எடுப்போம். ஏற்றும்போது நூற்றுக்குப் பத்து, இறக்கும்போது எஞ்சியதில் பத்து, குழாய் உராய்விலும் மின்மாற்றிச் சூட்டிலும் இன்னும் கொஞ்சம் என்று போக, நூறில் 75 முதல் 80 வரை திரும்பி வரும். இதை யாரும் மறைத்ததில்லை.

கொலுசுப்பட்டறை:
மறைக்கவில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி ஐயா. நூறில் 25 போகிறது என்றால் நான்கில் ஒன்று போகிறது. நான் சொன்னதும் அதைத்தானே? எங்கள் பட்டறையில் நூறு கிராம் வெள்ளிக்கு 25 கிராம் சேதாரம் என்று சொன்னால் வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றுவார். நாங்கள் தரையைப் பெருக்கிய மண்ணைக்கூட அலசி வெள்ளிப்பொடியை மீட்கிறோம். அந்த ஒரு யூனிட் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

கடம்பாறைக்காரன்:
சூடாகப் போயிற்று. மேலே எழுதியிருக்கிறேன்.

ஓமலூர் மாணவன்:
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நீண்டநேரச் சேமிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி குறையும். இன்றைய லித்தியம் மின்கலத் தொகுப்புகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு மின்சாரம் தருபவை. எட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்குவதைத்தான் பலரும் நீண்டநேரம் என்கிறார்கள். நம் சேலத்துக் கஞ்சமலையில் கிடைப்பது போன்ற சாதாரண இரும்பைத் துருப்பிடிக்க வைத்தும், துருவை மீண்டும் இரும்பாக்கியும் 100 மணி நேரம் மின்சாரம் தரக்கூடிய கலம் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டிருக்கிறது. அது ஏறத்தாழப் பாதியைத்தான் திருப்பித் தரும். ஆனால் இரும்பு மலிவு என்பதால்...

கொலுசுப்பட்டறை:
பாதியா! தம்பி, நீங்கள் ஐயாவுக்கு ஆதரவாகப் பேசுகிறீர்களா, எனக்கு ஆதரவாகப் பேசுகிறீர்களா? இதுவரை ஒரு யூனிட் காணாமல் போயிருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது.

ஆத்தூர் ஆலைக்காரர்:
நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். நான்கு மூட்டை மரவள்ளிக் கிழங்கை அரைத்தால் எனக்கு ஒரு மூட்டை ஜவ்வரிசி கிடைப்பதே பெரிய காரியம். அதற்காக நான் ஆலையை மூடிவிட்டுக் கிழங்காகவே வைத்திருந்தால் மூன்றாம் நாள் அது கறுத்துவிடும். மதிய வெயிலில் வரும் மின்சாரமும் அப்படிப்பட்டதுதான். அந்த நேரத்தில் எடுக்காவிட்டால் அது யாருக்கும் இல்லை. மேலும் எங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புக்காரர்கள் மாலை 6 முதல் 10 மணி வரை எடுக்கும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறோம். மதிய யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒரே சரக்கு என்று நினைப்பதுதான் உங்கள் கணக்கில் உள்ள ஓட்டை.

கொலுசுப்பட்டறை:
கிழங்கை அரைத்தபின் மிஞ்சும் திப்பியை மாட்டுத்தீவனத்துக்கு விற்கிறீர்களே, அது போகாத சேதாரம்தானே? அந்த ஒரு யூனிட்டின் திப்பியை யாருக்கு விற்கிறார்கள்?

நூற்பாலை நாமக்கல்:
இத்தனை சிரமம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. முப்பந்தல் பக்கம் எங்களுக்கு இரண்டு காற்றாலைகள் இருக்கின்றன. ஆடி மாதக் காற்றில் விளைந்த மின்சாரத்தை மின்வாரியத்திடம் சேமித்து வைத்து, காற்றில்லாத மாசி மாதத்தில் ஆலைக்கு எடுத்துக்கொண்டோம். அணையும் இல்லை, மின்கலமும் இல்லை. ஆறு மாதச் சேமிப்பு!

கடம்பாறைக்காரன்:
ஐயா, வாரியம் உங்கள் மின்சாரத்தை எந்தக் குடோனிலும் பூட்டி வைக்கவில்லை. ஆடியில் நீங்கள் கொடுத்ததை அந்த நொடியிலேயே யாரோ ஒருவர் மிக்சியில் அரைத்துத் தீர்த்துவிட்டார். மாசியில் உங்களுக்கு வந்தது மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியாக இருக்கலாம். உங்களிடம் இருந்தது சேமிப்பு அல்ல, பற்று வரவு நோட்டு. அந்த நோட்டை வைத்துக்கொண்டு கம்பியில் ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது.

நூற்பாலை நாமக்கல்:
நோட்டு என்றாலும் முழுமையாகத் திரும்பி வந்தது.

கொலுசுப்பட்டறை:
முழுமையாகவா? வாரியம் அதற்கென்று ஒரு கட்டணம் கழித்துக்கொள்ளவில்லையா? பாருங்கள், வெறும் நோட்டில் வைத்தால்கூடச் சேதாரம்.

ஏற்காடு மிளகுக்கொடி:
முந்தைய விவாதத்தில் "ஏற்காட்டு ஏரியை மேலணையாக்கலாம்" என்று எழுதிய புண்ணியவான் யார்? அந்த ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவிக்கே தண்ணீர். காலையில் ஏற்றி மாலையில் இறக்கினால் படகு சேற்றில் உட்காரும், அருவி வாய்க்கால் ஆகும். எங்கள் காப்பித் தோட்டத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டப் பாறையை வெடித்தால் ஊற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராவது கேட்டீர்களா?

கடம்பாறைக்காரன்:
எழுதியவன் நான்தான், "ஏரியை" என்று எழுதவில்லை, "மலையை" என்று எழுதினேன். எட்டுவழிச் சாலை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் திணித்தீர்கள். மலையின் உயரம் என்ன தரும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் இறங்கினால் ஒரு யூனிட். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை மேலே கவிழ்த்துக் குழாயில் இறக்கினால், கழிவெல்லாம் போகச் சுமார் 35 யூனிட் கிடைக்கும். எட்டு மணி நேரத்துக்கு 100 மெகாவாட் வேண்டுமென்றால் ஏறத்தாழ 23,000 லாரித் தண்ணீர் போதும். மேட்டூரின் 93.47 டிஎம்சியோடு ஒப்பிட்டால் இது கையளவுகூட இல்லை. அதே நீர்தான் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்.

ஓமலூர் மாணவன்:
ஐயா, ஒரே இயந்திரம் ஏற்றவும் இறக்கவும் செய்கிற வகை பெரும்பாலும் எழுநூறு மீட்டர்ச் சொச்சம் உயரத்துக்கே பயன்படுகிறது. 1,200 மீட்டரை இரண்டு படியாகப் பிரிக்க வேண்டியிருக்கும் அல்லவா?

கடம்பாறைக்காரன்:
தம்பி சொல்வது சரி. ஆனால் விவாதம் அதைப் பற்றியது அல்ல.

கொலுசுப்பட்டறை:
விவாதம் அந்த ஒரு யூனிட்டைப் பற்றியது என்பதை நினைவூட்டுகிறேன். 23,000 லாரியைக் காட்டி மறைக்க வேண்டாம். அந்த நீரை மேலே ஏற்றியது யார், எந்த மின்சாரத்தில், எத்தனை யூனிட்டில்?

ஏற்காடு மிளகுக்கொடி:
இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒரு லாரி பழுதானாலே மலையில் பால் வராது. 23,000 லாரியாம்!

கடம்பாறைக்காரன்:
லாரி என்பது அளவுக்குச் சொன்ன உவமை.

ஆத்தூர் ஆலைக்காரர்:
கொலுசு நண்பரே, உங்கள் பட்டறையில் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு ஈய மின்கலத்தோடு ஓர் இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டிருப்பதைப் போன ஐப்பசியில் நானே பார்த்தேன். தொட்டால் சுட்டது. அது நான்கு யூனிட் வாங்கிவிட்டு உங்களுக்கு எத்தனை தருகிறது என்று என்றாவது அளந்தீர்களா?

கொலுசுப்பட்டறை:
அது என் பணம், என் சூடு. ஊர்ப் பணத்தில் அணை கட்டுவதோடு அதை ஒப்பிடுவது உங்களைப் போன்ற பெரியவருக்கு அழகல்ல. தவிர, அன்று என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்ததை இங்கே எழுதுவது என்ன பண்பாடு?

ஆத்தூர் ஆலைக்காரர்:
காப்பியில் சர்க்கரையும் சேதாரமாகத்தான் இருந்தது.

கடம்பாறைக்காரன்:
கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு உறங்கப் போகிறேன். தமிழ்நாட்டில் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. நன்றாகக் காற்றடிக்கும் இரவில் வாங்க ஆளில்லாமல் அவற்றில் சிலவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தி வைத்த காற்றாலையில் போவது நான்குக்கு நான்கு. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தைக் கட்டுவது அந்த நான்கில் மூன்றையாவது பிடிக்கத்தான். நான்கையும் தொலைப்பது லாபம், ஒன்றைத் தொலைப்பது நட்டம் என்று வாதிடும் ஒருவரோடு இதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை.

கொலுசுப்பட்டறை:
ஒன்றைத் தொலைக்கிறோம் என்பதைப் பத்தாவது முறையாக ஒப்புக்கொண்டுவிட்டு ஐயா உறங்கப் போகிறார், நல்லது. நான் உறங்கவில்லை. தாங்கள் சொன்ன 367 மீட்டரைப் பையனின் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 3,600-ஐ 9.81-ஆல் வகுத்தால் 366.97 தான் வருகிறது. மீதி மூன்று சென்டிமீட்டரை எதற்காக ஏற்றிச் சொன்னீர்கள்?