வாய்ப்புற்றுத் திசுவிலிருந்து வந்த செல்கள் திடீரென வேகமாக வளர்கின்றன. செல் வரிசை என்று நம்பலாமா?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளிகளின் எழுத்துப்பூர்வ சம்மதமும் பெற்று, கன்னத்தின் உட்புறப் புற்றிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை வளர்க்கிறேன். வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ள நம் பக்கத்து நோயாளிகளிடமிருந்து ஒரு செல் வரிசை (ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் செல்கள்) உருவாக்குவதே நோக்கம். பெரும்பாலான ஃபிளாஸ்க்குகளைப் பூஞ்சை தின்றுவிடுகிறது. தப்பியவற்றில் கதிர் வடிவ ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள்தான் (இணைப்புத் திசுச் செல்கள்) நிரம்புகின்றன. ஒன்றில் மட்டும், வாரக்கணக்கில் மந்தமாகக் கிடந்த பிறகு, பலகோணச் செல்கள் கூட்டமாகக் கிளம்பின. இப்போது ஏறத்தாழ ஒரே நாளில் இரட்டிப்பாகின்றன. நோயாளி ஆண். நெறியாளர் மகிழ்ச்சியில் பெயரே வைத்துவிட்டார். அறிவிப்பதற்கு முன் என்னென்ன சோதனைகள் தேவை?

பாளை அக்கா:
பெயர் சூட்டும் விழா இருக்கட்டும், தம்பி. அதே ஹூட்டில் (செல்களைக் கையாளும் தூய காற்றுப் பெட்டியில்) யாராவது ஹீலா வளர்க்கிறார்களா?

பொருநைக்கரை:
ஆமாம் அக்கா. மூத்த மாணவர் ஒருவர் மூலிகைச் சாறுகளை ஹீலாவில் சோதிக்கிறார். மீடியம் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) பாட்டில் மட்டும்தான் பொது.

பாளை அக்கா:
அந்த ஒரு பாட்டில் போதும். 1951இல் ஹென்றியேட்டா லேக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தவை ஹீலா செல்கள். இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள். பிப்பெட் நுனியில் ஒட்டி ஒன்றிரண்டு வந்தாலும் உன் செல்களைச் சில பாசேஜுக்குள் (புது ஃபிளாஸ்க்குக்குப் பிரித்து மாற்றும் சுற்றுகளுக்குள்) ஓரங்கட்டிவிடும். வாய்ப்புற்றுக்கே இந்தக் கதை நடந்திருக்கிறது. கே.பி. என்ற வரிசையை 1950களில் வாய்ப்புற்று என்று அறிமுகப்படுத்தினார்கள். சோதித்தபோது அது ஹீலா. இன்னமும் அதை வாய்ப்புற்று என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எஸ்.டி.ஆர். சோதனைக்கு (யாருடைய செல் என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளச் சோதனை) அனுப்பு. செல்களை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான்; அதே நோயாளியின் இரத்தமோ, நோய்க்குறியியல் துறையில் இருக்கும் பாரஃபின் மெழுகில் பதித்த திசுத் துண்டோ ஒப்பிடுவதற்கு வேண்டும். சம்மதப் படிவத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

தென்காசிச் சாரல்:
எல்லாவற்றையும் ஹீலா தலையில் போட வேண்டாம். தேக்க நிலையைக் கடந்து உண்மையாகவே அழியாத்தன்மை பெறும் செல்களும் இப்படித்தான் திடீரென வேகமெடுக்கும். கெரட்டின் (தோல், வாய்ப் படலம் போன்றவற்றின் செல்களில் உள்ள புரதம்) சாயம் போட்டுப் பார்த்தீர்களா?

பாளை அக்கா:
கெரட்டின் ஹீலாவிலும் ஒளிரும், அண்ணாச்சி. ஃபைப்ரோபிளாஸ்ட் இல்லை என்று காட்டுமே தவிர, யாருடைய செல் என்று சொல்லாது. எஸ்.டி.ஆர். முடிவு வரும்வரை கையிலிருக்கும், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். கருவியில் இரண்டு பார்க்கலாம். ஒன்று, அமெலோஜெனின் (எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டிலும் உள்ள மரபணு): ஆணின் செல்லில் ஒய் பட்டை வர வேண்டும். ஆனால் புற்றுச் செல்கள் ஒய்யைத் தொலைப்பதும் உண்டு, ஆகவே வராவிட்டால் அதுவே தீர்ப்பாகாது. இரண்டு, எச்.பி.வி. 18 (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்): ஹீலாவின் மரபணுத்தொகுதியில் அது பதிந்திருக்கிறது. கூடவே மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. அதற்குச் செல்சுவர் கிடையாது, பெனிசிலின் ஒன்றும் செய்யாது; மீடியம் கலங்காமலே வருடக்கணக்கில் உள்ளே இருக்கும்.

பொருநைக்கரை:
பார்த்துவிட்டேன். ஒய் பட்டை இல்லை. எச்.பி.வி. 18 பளிச்சென்று தெரிகிறது. மைக்கோபிளாஸ்மா இல்லை. எஸ்.டி.ஆருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரக் கருத்தரங்கிற்கு நெறியாளர் தயாரித்த படவில்லையில் புதுப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது?

தென்காசிச் சாரல்:
பி.சி.ஆர். பட்டைகள் தெரியும் ஜெல் படத்தை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். மீதியை அவரே படித்துக்கொள்வார். அக்கா சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஆரம்ப பாசேஜில் எதையாவது உறையவைத்தீர்களா?

பொருநைக்கரை:
அதே நோயாளியின் இரண்டாம் பாசேஜ், திரவ நைட்ரஜனில் இருக்கிறது. கதிர் செல்களுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளாகப் பலகோணச் செல்கள்.

பாளை அக்கா:
அதுதான் உன் மூலதனம். அதிலும் ஹீலா புகுந்திருக்கலாம், உருக்கியதும் முதலில் எச்.பி.வி. 18 பார். அது இல்லையென்றால் நீர்த்த டிரிப்சின் (செல்களைக் கழற்றும் நொதி) விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இரு. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் முதலில் உருண்டு கழன்றுவிடும். தீவுகள் பிடிவாதமாக ஒட்டியிருக்கும். கழன்றதை வடித்துவிட்டு, தீவுகளுக்குச் சீரம் இல்லாத, கால்சியம் குறைந்த கெரட்டினோசைட் மீடியம் ஊற்று. ஒவ்வொரு பாசேஜிலும் இதையே செய். கொஞ்சம் பெருகியதும் முதல் வேலையாகச் சில குப்பிகளை உறையவை: பத்து சதவீத டி.எம்.எஸ்.ஓ. (உறைவில் செல்களைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறக்கம்.

பூஞ்சைக்கு: துணுக்கை ஆம்போடெரிசின் கலந்த மீடியத்தில் ஐஸ் மேல் கொண்டு வா, வளர்ப்பில் போடுமுன் நீர்த்த போவிடோன் அயோடினில் சற்று முக்கி, உப்புக்கரைசலில் பலமுறை கழுவு. சாரல் காலத்தில் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். மீடியம் பாட்டில், டிரிப்சின், பிப்பெட் மூன்றையும் உன் பெயர் எழுதித் தனியாக வைத்துக்கொள். ஹூட்டில் உன் முறை காலையில், ஹீலாக்காரர் முறை மாலையில்.