இறந்த அப்பாவின் செல்லுக்கு லோன் ஓடிபி வருகிறது, என்ன செய்வது?

காவேரிப்பட்டணம் மகள்:
அப்பா தவறி நாற்பது நாள் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே அவர் செல்லுக்கு ஏதோ லோன் ஆப்பிலிருந்து ஓடிபி வந்தது. நேற்று மறுபடியும். வங்கிக்கு, வாரிசுச் சான்றிதழுக்கு என்று அவர் ஆதாரைப் பதினைந்து நகல் எடுத்தோம். எது யாரிடம் போனது என்று கணக்கில்லை. அப்பா யாருக்கு நகல் கொடுத்தாலும் குறுக்கே கோடு இழுத்து, "பயிர்க்கடனுக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுத்தான் கொடுப்பார். நாங்கள் எழுதவில்லை. மாந்தோப்புப் பட்டா இன்னும் அவர் பேரில்தான். சிம்மை உடைத்துப் போடு என்கிறான் அண்ணன். செய்யலாமா?

பர்கூர்க்காரன்:
வேண்டாம் தங்கச்சி. ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் சில மாதங்களில் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடலாம். முதலில் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் யுபிஐ, ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிம் கடைசியில்தான். கடன் விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் சிபில் நிறுவனத்துக்கும் இறப்பைத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தார் இறப்பைத் தெரிவிக்க மைஆதார் தளத்தில் 2025-இல் வசதி வந்தது. உங்கள் இறப்புச் சான்றிதழை அதில் ஏற்குமா என்று ஆதார் உதவி எண் 1947-இல் கேளுங்கள். பான் கார்டை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம், கடைசி வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும்.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்:
எனக்குத் தோப்பை நினைத்தால்தான் பயம், அக்கா. எங்கள் சித்தப்பா போன பிறகு, அவர் எப்போதோ எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை (தன் சார்பில் நிலத்தை விற்க இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்) வைத்து ஒருவர் நிலத்தைக் கிரயம் செய்யப் பார்த்தார். கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் செத்தது. ஆனால் இறந்த விஷயம் பத்திர ஆபீசுக்குத் தெரிந்தால்தானே! சான்றிதழ் நகலோடு சார்பதிவாளரிடம் தடை மனு கொடுத்து நிறுத்தினோம். நீங்களும் இன்றே பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் (தோப்பின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) போட்டுப் பாருங்கள், காசில்லை. வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுங்கள்.
அப்புறம், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் தோற்றம், மறைவு என்று தேதி போட்டிருப்பீர்களே? பிறந்த தேதியை நாமே ரோட்டில் எழுதி வைக்கிறோம்.

காவேரிப்பட்டணம் மகள்:
நம்பவே முடியவில்லை. பேருந்து நிலையம் பக்கம் வைத்த பிளக்ஸில் பிறந்த தேதி, அதன் கீழே தொடர்புக்கு என்று அப்பாவின் செல் எண்ணும் இருந்தது. இப்போதுதான் அண்ணனும் நானும் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தோம். வில்லங்கத்தில் புதிதாக எதுவும் இல்லை. நாளைக் காலை வங்கி. எடுத்துப் போகும் நகலில் "கணக்கு முடிக்க மட்டும்" என்று குறுக்கே எழுதிவிட்டேன்.