பிரவுன் ஏலில் டாஃபி மணமா, வெண்ணெய் வாடையா?

லீட்ஸ்வாசி:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லீட்சில் வீட்டிலேயே பீர் தயாரித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு போட்டிக்கு அனுப்பிய என் பிரவுன் ஏலுக்கு (பழுப்பு நிற பீர் வகை) 50க்கு 27 மதிப்பெண்களே கிடைத்தன. ஆல்கஹால் 5 சதவீதம், செம்பழுப்பு நிறம், கிரிஸ்டல் மால்ட்டை (முளைகட்டி வறுத்த பார்லி) சற்றுத் தாராளமாகவே சேர்த்திருந்தேன். டாஃபி மணம் என்று நான் மகிழ்ந்திருந்ததை, நொதித்தலில் உண்டாகும் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள் தந்த வெண்ணெய் வாடை என்று நடுவர் குறித்திருக்கிறார். மீதமுள்ள புட்டிகளை எத்தனை முறை முகர்ந்தாலும் எனக்கு டாஃபியாகவே தோன்றுகிறது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நொதிகலத்தை ஐந்தாம் நாளே குளிரவைத்து, எட்டாம் நாள் புட்டியில் அடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டைன்கரை:
ஐந்தாம் நாளே குளிரவைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் தானாகவே டைஅசிட்டைலாக மாறும், பிறகு அதே ஈஸ்ட்தான் அதை உள்ளிழுத்துக் கரைக்க வேண்டும். அந்த வேலை முடியுமுன் குளிர் தட்டினால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வாடை பீரிலேயே தங்கிவிடும். அடுத்த முறை நொதித்தல் அடங்கும் வேளையில் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி கூட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். அடைப்பதற்கு முன் ஒரு மாதிரியை மூடிய குவளையில் ஊற்றி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறியபின் சூடாக்காத மாதிரியுடன் ஒப்பிட்டு முகருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் எழுந்தால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

பார்லி:
டைன்கரை சொன்னது தயாரிப்புக்கான தீர்வு. சுவைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மதிப்பிடாதீர்கள். 10 முதல் 12 டிகிரிக்கு வரட்டும், ஏனெனில் கடுங்குளிரில் இரண்டு மணங்களுமே ஒடுங்கிவிடும். ஒரு பிடி கிரிஸ்டல் மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து அருகிலேயே வைத்துக்கொண்டு மாறி மாறி முகருங்கள். டாஃபியின் அடியில் வறுத்த தானியத்தின் மணமும் காய்ச்சிய சர்க்கரையின் இலேசான கசப்பும் இருக்கும். வெண்ணெய் வாடை தனியே மிதக்கும், விழுங்கிய பின் நாக்கில் வழவழப்பாகப் படியும். டைஅசிட்டைலைச் சிலரின் மூக்கு அவ்வளவாக உணராது என்பதால் வீட்டில் இன்னொருவரையும் முகரச் சொல்வது அவசியம். மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, சுவைக்கு 20 ஒதுக்கப்படுவதால் இந்தக் குறை இரண்டு இடத்திலும் அடிக்கும், நடுவரை நான் குறைசொல்ல மாட்டேன். இன்னொன்றையும் பாருங்கள். 1902இல் லண்டனில் பிறந்த மான்ஸ் பிரவுன் ஏல் இனிப்பான, மென்மையான வகை. 1927இல் வட இங்கிலாந்தில் வந்த நியூகாசில் பிரவுன் ஏல் அதைவிட வலுவானது, 4.7 சதவீதம். நீங்கள் 5 சதவீதத்தில் தயாரித்திருப்பதால் வடக்கத்திய அளவுகோலே பொருந்தும். அதில் கொட்டைப்பருப்பும் பிஸ்கட்டும் டாஃபியும் வரலாம், ஆனால் விழுங்கியபின் நிற்கும் சுவையில் இனிப்பு ஓரளவு குறைந்திருக்க வேண்டும்.

லீட்ஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு புட்டியை ஒரு மணி நேரம் மேசையில் வைத்திருந்து, ஊறிய மால்ட்டுடன் ஒப்பிட்டேன். மால்ட் நீரில் கருகல் வாசனை தெளிவாக இருந்தது, பீரிலோ அது மிகக் குறைவு. எதுவும் சொல்லாமல் மனைவியிடம் குவளையை நீட்டினேன். முகர்ந்த மறுகணமே, “திரையரங்குப் பாப்கார்ன் மாதிரி இருக்கிறதே” என்றார். மூன்றாவது மடக்கில் அந்த வழவழப்பு எனக்கும் புலப்பட்டது. அடுத்ததை இந்தச் சனிக்கிழமை தொடங்குகிறேன், வெந்நீர்ச் சோதனை முடியாமல் அடைக்கப்போவதில்லை.