ஆபீசில் ஃப்ளூ ஊசி முகாம், வீட்டில் சிஓபிடி மாமனார்: போட்டுக்கொள்ளலாமா?

பாரிமுனைக்காரி:

பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாக்குமெண்டேஷன் பிரிவில் இருக்கிறேன். ஒரே ஹாலில் முப்பது பேருக்கு மேல். ஏசி ஓடுவதால் ஜன்னலைத் திறப்பதில்லை. திறந்தாலும் ராஜாஜி சாலைத் தூசியும் கண்டெய்னர் லாரி ஹாரனும்தான் உள்ளே வரும். ஐப்பசி மழை பிடித்ததும் யாராவது ஒருவர் தும்ம ஆரம்பிப்பார். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் பாதி ஹால் படுத்துவிடும்.

இந்த முறை எச்ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ளூ தடுப்பூசி முகாம், செலவு கம்பெனியுடையது, விருப்பம் இருந்தால் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கப் போன இடத்தில்தான் குழப்பம். கேஷியர் சார், "போன வருஷம் வெளியே போட்டேன், மூணாம் நாளே காய்ச்சல். ஊசிக்குள்ள இருக்கிறதே அந்தக் கிருமிதானேம்மா" என்கிறார். பக்கத்து சீட் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம், அவள் அம்மா தொடவே கூடாது என்கிறாராம். வருடா வருடம் போட்டால் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி சோம்பேறியாகிவிடும் என்று இன்னொருவர்.

எனக்கு மாமனாரை நினைத்துத்தான் கவலை. எழுபது தாண்டியவர், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய், இன்ஹேலரில்தான் ஓடுகிறது. போன மழையில் ஆபீசிலிருந்து வந்த சளி எனக்கு மாத்திரையோடு போய்விட்டது, அவரை ஐசியூ வரை கொண்டுபோனது. ஊசி போட்ட அன்று வீட்டுக்குப் போனால் என்னிடமிருந்து அவருக்கு ஒட்டுமா? சில நாள் தனியாகப் படுக்க வேண்டுமா? ஹாலில் பாதிப் பேர் போடாமல் இருக்கும்போது நான் மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்?

ஓரகடம்_நர்ஸ்:

ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஓஎச்சியில், அதாவது தொழிலாளர்களுக்கான மருத்துவ மையத்தில், இருக்கிறேன். இந்த முகாம் நடத்துவது என் வேலை. உங்கள் கேஷியர் சாரைப் போல எங்களிடமும் ஷிஃப்டுக்கு ஒருவர் உண்டு.

முகாமில் கையில் போடுவதில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியைக் கொன்று, உடைத்து, அந்தத் துண்டுகளைத்தான் போடுகிறார்கள். அது உடம்பில் பெருகாது, யாருக்கும் ஒட்டாது. தனி அறை எதுவும் வேண்டாம், அன்று ராத்திரியே மாமனாருக்கு நீங்கள் சாப்பாடு போடலாம். மூக்கில் அடிக்கும் உயிருள்ள மருந்து என்று ஒன்று இருக்கிறது, அது வேறு.

கேஷியர் சார் காய்ச்சலுக்கு வருகிறேன். ஒரு கூட்டத்துக்கு ஃப்ளூ ஊசி, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி, யாருக்கு எது என்று சொல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி போட்டவர்களுக்குக் கைவலியும் சிவப்பும் அதிகம். காய்ச்சல், உடம்புவலி, இருமலில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. சிலருக்கு ஓரிரு நாள் உடம்பு கதகதவென்று இருக்கும்தான், ஆனால் அது ஃப்ளூ இல்லை. ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும். ஃப்ளூ தொற்றினால் 1 முதல் 4 நாளில் காய்ச்சல் வரும். மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால், அவர் ஊசிக்குப் போகும்போதே, அல்லது போட்ட கையோடு, யாரிடமிருந்தோ வாங்கியிருக்கலாம். மழைக்காலச் சளியில் பாதி ஃப்ளூவே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றக் கிருமிகளுக்கு இந்த ஊசி பொறுப்பேற்காது.

எதிர்ப்புச் சக்தி சோம்பேறியாகாது. ஊசி தந்த பாதுகாப்பு சில மாதங்களில் குறைகிறது, கிருமியும் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் வருடா வருடம். தொடர்ந்து போடுகிறவர்களுக்குச் சில வருடங்களில் பலன் கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் போடாமலே இருப்பதற்கு அது தேவலை.

பக்கத்து சீட் பெண்ணின் அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை தரும் பட்டியலில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த மாதங்களில் அம்மாவிடமிருந்து போகும் பாதுகாப்புதான் குழந்தைக்கு. அவளுடைய மகப்பேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடட்டும்.

நீங்கள் மட்டும் போட்டால் என்ன பிரயோஜனம் என்றால், கிருமியும் ஊசியும் நன்றாகப் பொருந்தும் வருடத்தில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவது 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. மீதி இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். மாமனாருக்கு அவருடைய நுரையீரல் டாக்டரிடம் கேட்டு முதலில் போடுங்கள், நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி பற்றியும் கேளுங்கள். வயதானவர் உடம்பில் ஊசி வேலை செய்வது கொஞ்சம் குறைவு, அதனால்தான் கூட இருக்கிறவர்களும் போட வேண்டும் என்கிறோம்.

மலைக்கோட்டை_மெடிக்கல்ஸ்:

கடைக்காரன் பார்வையில் ஒன்று. ஊசிப் பெட்டியில் எந்த சீசன், பூமியின் வடகோளத்துக்கானதா தென்கோளத்துக்கானதா என்று அச்சிட்டிருக்கும். வடகோளத்துக்கு பிப்ரவரியிலும் தென்கோளத்துக்கு செப்டம்பரிலும் எந்த ஃப்ளூ கிருமி வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும். முகாமில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், தப்பே இல்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சிலதில் நான்குக்குப் பதில் மூன்று வகைதான் இருக்கும், அது மட்டச் சரக்கு இல்லை. பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, அதனால் எடுத்துவிட்டார்கள்.

வேப்பங்கொழுந்து:

எங்கள் ஆபீசில் மழைக்காலம் முழுக்க நிலவேம்புக் கஷாயம் வைக்கிறோம். ஊசி எதற்கு?

ஓரகடம்_நர்ஸ்:

ஊசிக்கு ஈடாகத் தடுக்கும் என்று காட்டிய ஆதாரம் நான் பார்த்ததில்லை. குடிக்கிறவர்கள் குடியுங்கள், ஊசியையும் போடுங்கள். வரிசையில் நின்று ஒரே டம்ளரில் குடிக்காதீர்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர்_தோழர்:

எல்லாரும் ஊசியையே பேசுகிறீர்கள். அக்கா, உங்கள் ஆபீசில் காய்ச்சலோடு ஏன் வருகிறார்கள்?

பாரிமுனைக்காரி:

அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ், தம்பி. மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் முழுசாகப் போய்விடும். அப்புறம் கப்பல் கட்-ஆஃப் நேரம் யாருக்காகவும் நிற்காது. பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்கு ரசீது, அதன் டிராஃப்ட் போகாவிட்டால் கண்டெய்னர் அடுத்த கப்பலுக்குத்தான். அதனால் டோலோவைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வருடம் கேஷியர் சாரும் அப்படித்தான், அவர் எண்ணிக் கொடுத்த பெட்டிகேஷ் ஹால் முழுக்கச் சுற்றியது.

அம்பத்தூர்_தோழர்:

அதைத்தான் சொல்கிறேன். 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது. அதை எடுத்ததற்கு இன்சென்டிவை வெட்டுவது, காய்ச்சலோடு வா என்று கூப்பிடுவதற்குச் சமம். ஊசிக்குச் செலவு செய்கிற கம்பெனி, அக்டோபர் நவம்பரிலாவது காய்ச்சல் லீவை அந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்கட்டும். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலைந்து பேர் கையெழுத்தோடு மெயிலாகவே அனுப்புங்கள்.

ஓரகடம்_நர்ஸ்:

தோழர் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் அதிகம் பரப்புவது காய்ச்சல் வந்த முதல் மூன்று நாள், அந்த நாட்களில்தான் உங்கள் ஆட்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாத்திரை சூட்டை இறக்கும், பரவுவதை நிறுத்தாது. மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால் வரலாம், அதற்குப் பிறகும் சில நாள் மாஸ்க். இன்னொன்று, மாமனாருக்குக் காய்ச்சல் தொடங்கினால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ கிருமிக்கான மாத்திரை, காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

பாரிமுனைக்காரி:

பெயர் கொடுத்துவிட்டேன். கர்ப்பிணிப் பெண் திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறாளாம். மெயிலில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம், எச்ஆர் "மேலிடத்தில் பேசுகிறோம்" என்று பதில் அனுப்பியிருக்கிறது. கேஷியர் சார் ஊசிக்கு வர மாட்டாராம், மெயிலில் மட்டும் முதல் கையெழுத்து அவருடையது.

மாமனாருக்கும் சனிக்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று. அடுத்தடுத்த நாள் இரண்டு பேருக்கும் கை வலித்தால் மாவு ஆட்டுவது யார் என்று மாமியார் கேட்கிறார்.

ஓரகடம்_நர்ஸ்:

இடது கையில் போடச் சொல்லுங்கள். மாவு உங்கள் வீட்டுக்காரர் ஆட்டட்டும்.