பெர்டொலூச்சியின் ‘1900’: போரைக் காட்டாமல் போருக்குப் பிந்தைய கிராமத்தைக் காட்ட முடியுமா?

பாகூரான்:
பெர்டொலூச்சி 1976இல் எடுத்த ‘1900’ என்ற இத்தாலியப் படத்தை இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்த்து முடித்தேன். இசைமேதை வெர்டி இறந்த அன்று, 1901இல், பண்ணையார் வீட்டில் ஆல்ஃப்ரெடோவும் பண்ணையாள் குடும்பத்தில் ஒல்மோவும் பிறக்கிறார்கள். சிறுவனாக இருந்த ஒல்மோ திடீரென்று சிப்பாய் உடுப்பில் ஊர் திரும்புகிறான். இடையில் நடந்த முதல் உலகப்போரின் களம் ஒரு காட்சியில்கூட இல்லை. அதன் பிறகு பண்ணையில் எல்லாமே மாறிப்போகிறது. காரணத்தை மறைத்துவிட்டு விளைவை மட்டும் காட்டுவது குறையல்லவா?

கெடிலக்கரை:
ஒல்மோ திரும்பி வரும் காட்சியை மறுபடியும் பாருங்கள். பண்ணைக் களத்தில் கதிரடிக்கும் இயந்திரம் நிற்கிறது. அவன் இல்லாத நாட்களில் அது வந்து சேர்ந்திருக்கிறது. எதிரே ஆல்ஃப்ரெடோவும் இராணுவ உடுப்பில்தான் நிற்கிறான், ஆனால் அப்பாவின் செல்வாக்கால் அவன் போர்முனைக்கே போகவில்லை. ஒரே உடுப்பை இருவர் அணிந்து எதிரெதிரே நிற்கும்போது, பதுங்குகுழியைத் தனியாகப் படம்பிடிக்க வேண்டிய தேவை என்ன?

வரலாற்றிலும் இதற்கு அடிப்படை உண்டு. 1917இல் கப்போரெட்டோவில் இத்தாலியப் படை தோற்றபின், சோர்ந்துபோன விவசாயச் சிப்பாய்களுக்கு, போர் முடிந்ததும் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது. திரும்பியவர்கள் அதைக் கேட்டார்கள். 1919, 1920 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வேலைநிறுத்தங்களிலும் நில ஆக்கிரமிப்புகளிலும் கழிந்தன. அஞ்சிய நிலவுடைமையாளர்கள் முசோலினியின் பாசிசக் கருஞ்சட்டையினருக்குப் பணம் கொடுத்தார்கள். படத்தில் நிலவுடைமையாளர்கள் தேவாலயத்துக்குள்ளேயே அந்தப் பணத்தைத் திரட்டுகிறார்கள். போருக்கு முன்பே படத்தில் வேலைநிறுத்தம் உண்டு என்றாலும், அப்போது கூலியைப் பாதியாகக் குறைத்தபோது ஒருவன் தனியாகத் தன் காதையே அறுத்துப் பண்ணையாரிடம் நீட்டுகிறான். போருக்குப் பின்போ, குடியானவர்களை வெளியேற்ற வரும் குதிரைப்படையின் முன்னே பெண்கள் கூட்டமாகப் பாதையில் படுத்துவிடுகிறார்கள்.

முத்தியால்பேட்டை:
நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். போர் எல்லா ஊரிலும் ஒரே வழியில் மாற்றத்தைக் கொண்டுவருவதில்லை. புதுச்சேரியில் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சிப்பாய்) வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குப் போனவர். ஓய்வூதியப் பணத்தைச் சேர்த்துவைத்து, தன் தகப்பனார் குத்தகைக்கு உழுத அதே மிராசுதாரரிடமிருந்து இரண்டு காணி நிலம் வாங்கினார். பத்திரம் முடிந்த அன்றுதான் முதன்முறையாக அந்த வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தாராம். அப்போதும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுத்தான் ஏறினார் என்று பாட்டி சொல்வார். ஒல்மோவுக்கு அப்படி ஒரு பணமும் வரவில்லை, அவனுக்குக் கிடைத்தது சங்கம் மட்டுமே. ஆகவே இயந்திரத்தையும் உடுப்பையும் காட்டினால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். போருக்குப் போன ஒருவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்புகிறான் என்பதை இயக்குநர் இன்னும் சற்று விளக்கியிருக்கலாம்.

பாகூரான்:
இருவருக்கும் நன்றி. செருப்பைப் பற்றிப் படித்தவுடன் கடைசிப் பகுதியை எடுத்து மறுபடியும் பார்த்தேன். 1945 ஏப்ரல் 25, பாசிச ஆட்சியிலிருந்து இத்தாலியின் விடுதலை நாள். உழவர்கள் இப்போது பண்ணையாராக இருக்கும் ஆல்ஃப்ரெடோவைக் களத்தில் நிறுத்தி விசாரிக்கிறார்கள், பண்ணையார் என்பவர் செத்துப்போனார் என்று ஒல்மோ தீர்ப்பளிக்கிறான். சற்று நேரத்தில் பாசிச எதிர்ப்புக் கட்சிகள் சேர்ந்த விடுதலைக் குழுவினர் வந்து, உழவர்களிடமிருந்த துப்பாக்கிகளை வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாம் ஓய்ந்தபின் ஆல்ஃப்ரெடோ, ‘பண்ணையார் உயிரோடுதான் இருக்கிறார்’ என்கிறான். முதல் தடவை அந்த வசனத்தைக் கிண்டல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அதற்குப் பிறகு வரும், இரு கிழவர்களும் தள்ளிக்கொண்டு சண்டையிடும் காட்சி மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

கெடிலக்கரை:
அந்தக் கிழவர்கள் காட்சி எனக்கும் ஒட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நண்பர்களுக்குப் பரிந்துரைப்பதானால் 317 நிமிட முழு வடிவத்தையே சொல்லுங்கள், அமெரிக்காவில் நான்கு மணி நேரச் சொச்சமாகச் சுருக்கி வெளியிட்ட வடிவம் வேண்டாம்.