பென்சில்வேனியா 45ஆம் செனட் தொகுதி: 69 வாக்கில் முடிந்த தேர்தலும் அதன் உள்வேலைகளும் (உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மோன் கரை

மாநில செனட் தேர்தல் என்றாலே பலருக்கு அசிரத்தை. அமெரிக்க செனட்டையும் மாநில செனட்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் இருக்கும் இந்த மாநில அவையில் 50 இடங்கள், பதவிக்காலம் 4 ஆண்டு. ஒற்றைப்படை எண் தொகுதிகளுக்கு ஜனாதிபதி தேர்தல் ஆண்டிலும், இரட்டைப்படைக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டிலும் வாக்குப்பதிவு. ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2,60,000 பேர்.

2020-ல் 45ஆம் தொகுதி அலகெனி, வெஸ்ட்மோர்லண்ட் என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பரவியிருந்தது. மெக்கீஸ்போர்ட் மாதிரி பழைய எஃகு ஊர்கள், நியூ கென்சிங்டன், மன்ரோவில் எல்லாம் இதில் வரும். (பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிற நம்மவர்களுக்கு மன்ரோவில் தெரிந்த ஊர்தான்.) ஜனநாயகக் கட்சியின் ஜிம் ப்ரூஸ்டர் அப்போதைய உறுப்பினர், மெக்கீஸ்போர்ட்டின் முன்னாள் மேயர். எதிர்த்தவர் குடியரசுக் கட்சியின் நிக்கோல் ஸிக்கரெல்லி, வழக்கறிஞர்.

வம்பு தபால் உறையில் தொடங்கியது. வாக்காளர் வெளி உறையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுத வேண்டும். கையெழுத்து இருந்து தேதி மட்டும் இல்லாத உறைகள் அலகெனியில் மொத்தம் 2,349. அவற்றில் 45ஆம் தொகுதிக்குள் வந்தவை 311. அலகெனி அவற்றை எண்ண முடிவெடுத்தது, வெஸ்ட்மோர்லண்ட் அதே மாதிரி உறைகளை ஒதுக்கியது. 311-ஐ எண்ணாவிட்டால் ஸிக்கரெல்லி 24 வாக்கில் முன்னிலை, எண்ணினால் ப்ரூஸ்டர் 69 வாக்கில் வெற்றி. ஒரே தொகுதியில் இரண்டு கவுண்டி வாரியங்கள் இருந்தால் இப்படித்தான். எண்ணுவது கவுண்டியின் பொறுப்பு, மாநிலத்தின் பொறுப்பு அல்ல.

தபால் உறை

தபால் வாக்கு விஷயத்தில் எண்ணும் இடத்தில் நிராகரிப்புக்குப் போகிறவை எவை என்று சொல்கிறேன். காரணம் கூறாமலே தபாலில் வாக்களிக்கும் வசதி வந்தது 2019-ன் ஆக்ட் 77 மூலம். உறைகள் இரண்டு. வாக்குச்சீட்டை முதலில் ரகசிய உறையில் போட்டு ஒட்டி, அதை வெளி உறைக்குள் வைக்க வேண்டும். ரகசிய உறை இல்லாமல் வரும் சீட்டை 'நேக்கட் பேலட்' என்பார்கள். அது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ரகசிய உறையின் மேல் பெயரோ கிறுக்கலோ இருந்தாலும் ஆபத்து.

தேதிக் கட்டத்தில் பெரும்பாலும் நடக்கும் தப்பு, வெறுமையாக விடுவது. அடுத்தது பிறந்த தேதியை எழுதுவது. வயதானவர்களின் உறைகளில் இதைப் பார்க்கலாம், படிவம் என்றாலே கை அந்தத் தேதிக்குத்தான் போகும். மூன்றாவது, ஆண்டைத் தப்பாக எழுதுவது. 2024 நவம்பருக்கு ஆண்டை முழுதாக அச்சிட்டே கொடுத்ததால் அந்த மூன்றாவது வகை குறைய வழி பிறந்தது.

விண்ணப்பம் கவுண்டி அலுவலகத்துக்குத் தேர்தலுக்கு ஒரு வாரம் முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் சேர வேண்டும். நிரப்பிய சீட்டு தேர்தல் நாள் இரவு 8-க்குள் அந்த அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதியை நம்பாதீர்கள், மூன்று நாள் தாமதமாக வந்தாலும் ஏற்கும் 2020 சலுகை அந்தத் தேர்தலோடு போயிற்று. கடைசி வாரத்தில் தபால் பெட்டியைத் தேடாமல் நேரே கவுண்டி அலுவலகத்தில் கொடுங்கள்.

மனம் மாறி நேரில் வாக்களிக்க நினைத்தால் சீட்டையும் வெளி உறையையும் சேர்த்து வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் புரொவிஷனல் சீட்டுதான் (சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகச் சீட்டு) தருவார்கள். அதன் உறையில் வாக்காளர் இரண்டு இடத்தில் கையெழுத்திட வேண்டும். ஓர் இடம் விட்டுப்போய் வீணாகும் சீட்டுகள் ஒவ்வொரு தேர்தலிலும் வரும். சாவடிப் பணியாளர் சுட்டிக்காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஹாரிஸ்பர்க்வாசி

மேலே சொன்ன 311-ன் கதை நீதிமன்றத்தில் எப்படிப் போயிற்று என்பதையும் சேர்க்கிறேன். அலகெனி கவுண்டி நீதிமன்றம் எண்ணலாம் என்றது. மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமான காமன்வெல்த் நீதிமன்றம் நவம்பர் 19-ல் கூடாது என்றது. 23-ல் மாநில உச்ச நீதிமன்றம் எண்ணச் சொன்னது, அதுவும் 4-3. அந்த நாலாவது வாக்கு நீதிபதி வெக்ட் போட்டது. தேதி கட்டாயம்தான், ஆனால் இந்த முறை வாக்காளருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை, அதனால் 2020-க்கு மட்டும் எண்ணலாம் என்றார் அவர். இந்த 'மட்டும்' என்பதைக் கவனிக்காமல் முன்னுதாரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தவர்கள் பிறகு ஏமாந்தார்கள். 2022 நவம்பரில் அதே நீதிமன்றம் தேதியில்லாத உறைகளை எண்ணக்கூடாது என்று உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் கூட்டாட்சியின் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், தேதிக்காக மட்டும் வாக்கை ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதற்காகத் தேதிக் கட்டத்தை விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2021 ஜனவரி 5-ல் நடந்த கூத்துதான் உச்சம். வெற்றிச் சான்றிதழ் ப்ரூஸ்டர் கையில் இருந்தது. ஆனால் உறுப்பினரின் தேர்வைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவைக்கே உண்டு என்பது மாநிலச் சாசனத்தின் 2ஆம் பிரிவு. அதைக் காட்டி, ஸிக்கரெல்லி கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்ட வழக்கு முடியும்வரை அவருக்குப் பதவிப் பிரமாணம் கிடையாது என்று பெரும்பான்மை குடியரசுக் கட்சி நின்றது. தலைமை வகித்த துணை ஆளுநர் ஜான் ஃபெட்டர்மன் ஒப்பாமல் போகவே அவரை இருக்கையிலிருந்து அகற்றித் தங்கள் கட்சியின் ஜேக் கோர்மனை அமர்த்தினார்கள். ஜனவரி 12-ல் கூட்டாட்சி நீதிபதி ரஞ்சன் (டிரம்ப் நியமித்தவர்) ஸிக்கரெல்லியின் வழக்கை ஏற்கவில்லை. மறுநாள் ப்ரூஸ்டர் பதவியேற்றார்.

இது முதல் தடவையும் அல்ல. 1993-ல் பிலடெல்பியாவின் 2ஆம் தொகுதி இடைத்தேர்தலில் இயந்திர வாக்கில் புரூஸ் மார்க்ஸ் 564 முன்னிலை, தபால் வாக்கில் வில்லியம் ஸ்டின்சன் 1,396-க்கு 371. கடைசியில் ஸ்டின்சன் 461-ல் வெற்றி, அவசரமாகப் பதவியேற்பும் ஆயிற்று. தபால் வாக்கில் மோசடி நிரூபணமானதால் 1994-ல் கூட்டாட்சி நீதிபதி அவரை நீக்கினார், இடம் மார்க்ஸுக்குப் போயிற்று. அங்கே இருந்தது மோசடி, 2020-ல் இருந்தது வெறும் விடுபட்ட தேதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

மனுக்காரர்

வேட்புமனுப் பக்கம் யாரும் பேசவில்லையே. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் நிற்க மாநில செனட் வேட்பாளருக்கு 500 கையெழுத்து வேண்டும், கிடைக்கும் காலம் மூன்று வாரம். 500-ல் நிறுத்தாதீர்கள், இரண்டு மடங்கு சேர்த்தால்தான் நிம்மதி. கையெழுத்திடுபவர் அதே கட்சியில், அதே தொகுதியில் பதிவானவராக இருக்க வேண்டும். இரண்டு கவுண்டித் தொகுதியில் ஒரே தாளில் இரு கவுண்டிக்காரர்களையும் எழுதவைத்தால் தாளுக்கே ஆட்சேபணை வரும். கவுண்டிக்கு ஒரு தாள் தனியாக வையுங்கள்.

அலகெனியில் 130 உள்ளாட்சிகள். பலர் வீட்டுத் தபால் முகவரி 'பிட்ஸ்பர்க்' என்றே இருக்கும். வெஸ்ட் மிஃப்லின்காரர் ஊர்க் கட்டத்தில் பிட்ஸ்பர்க் என்று எழுதிவிடுவார். எதிர்த்தரப்பு இதைத்தான் தேடும். மனுத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காமன்வெல்த் நீதிமன்றத்தில் ஆட்சேபணை போடலாம், வரிக்கு வரி அடிப்பார்கள்.

இடைத்தேர்தலில் இந்தத் தலைவலி இல்லை. கட்சியே வேட்பாளரை நிறுத்தும், பிரைமரி கிடையாது. ப்ரூஸ்டர் 2010-ல் உள்ளே வந்ததும் அப்படித்தான்.

மோன் கரை

மறு எண்ணிக்கை பற்றி ஒன்று. 0.5 சதவீதத்துக்குள் வந்தால் தானாக நடக்கும் என்ற விதி மாநிலம் முழுவதற்குமான பதவிகளுக்குத்தான். செனட் தொகுதிக்கு அது பொருந்தாது. வாக்குச்சாவடிக்கு மூன்று வாக்காளர்கள் பிரமாணத்தோடு மனுப் போட்டு, சாவடிக்கு 50 டாலர் கட்ட வேண்டும். குறிப்பிட்ட மோசடிக்கோ பிழைக்கோ ஆதாரம் காட்டாவிட்டால் தொகுதியின் எல்லாச் சாவடிக்கும் போட்டாக வேண்டும். காலக்கெடு ஐந்து நாள். அதற்குள் ஆளும் பணமும் சேர்ப்பது எளிதல்ல, தேர்தலுக்கு முன்பே பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

2022 எல்லை மறுவரையறையில் 45 முழுவதும் அலகெனிக்குள் வந்துவிட்டது. ப்ரூஸ்டர் ஒதுங்கிக்கொள்ள, 2024-ல் நிக் பிஸ்கியோட்டானோ வென்றார். நியூ கென்சிங்டன்காரர்கள் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டு முகவரியை மாநிலத் தேர்தல் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.